பதினேழாவது கோப்பை

அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் இருந்தவர்கள் பூங்காவனம், அவளுடைய ஓரகத்தி மருதாயி, பெரிய அஞ்சலை, சின்ன அஞ்சலை, சவரியம்மா, ராமாயி, லூர்துமேரி, பச்சையம்மா, காத்தாயி, யோகேஸ்வரி, புஷ்பராணி, நல்லம்மா, சரோஜா, திலகவதி, அக்காள் தங்கைகளான குமுதினி, நந்தினி, ஆகப் பதினாறு பெண்கள். அவர்களை வேலை வாங்கும் வெள்ளையன் கங்காணி, கொழுந்து நிறுத்து எழுதும் கணக்கப்பிள்ளை மயில்வாகனம், தோட்டத்து உதவி அதிகாரியான சின்னதுரை, சின்னதுரையின் ஜீப் சாரதி, சந்தனம், பிறகு நான். மொத்தம் இருபத்திரண்டு பேர். கூரை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களை நான் சேர்க்கவில்லை, ஏனென்றால் அவர்கள் முழு நேரமும் நிற்கவில்லை.

இல்லாதவள் ஒருத்தி. சந்தனத்தின் மனைவி சீரங்காயி, முப்பத்தாறு வயது, செத்து நாலரை மாதம் ஆகியிருந்தது.

அவள் செத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் நீலக்கொல்லைத் தோட்டத்தில் ஒரு முழுநாள் வேலையை ஒரு பேர் என்றும் பாதிநாள் வேலையை அரைப்பேர் என்றும் சொல்வோம், காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவார்கள், பிந்தி வருகிறவளைத் திருப்பி அனுப்பாமல் போய் எடு என்று சொல்லிவிட்டு, பத்தரை மணி நிறுவையில் அவளுடைய கொழுந்தைப் பார்த்த பிறகுதான் கங்காணி அவள் பேரைப் போடச் சொல்வார், இது எழுதாத வழக்கம். பெப்ரவரி பதினொன்றாம் திகதி வெள்ளிக்கிழமை, லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் பிந்தி வந்ததால் சீரங்காயி ஐந்து நிமிடம் பிந்திப் போனாள், போய் எடு என்று வெள்ளையன் கங்காணி சொன்னார், அவளும் ஆறாம் நம்பர் மலைக்குப் போய் எடுத்தாள், பத்தேகால் மணிக்குக் குளவிக்கூடு கலைந்தது. நிறுவைக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது.

அலுவலகத்திலிருந்து சந்தனத்துக்கு வந்த கடிதத்தில், அன்னார் அன்று வேலைக்குச் சமூகமளிக்கவில்லை என்றும், அனுமதியின்றி மலைக்குள் விறகு பொறுக்கச் சென்ற இடத்தில் குளவி கொட்டி மரணமானார் என்றும் எழுதியிருந்தது. சந்தனம் எட்டாம் வகுப்பு படித்தவர். அந்தக் கடிதத்தை அவர் பத்துத் தடவை படித்தார் என்று சொல்ல முடியாது, ஒரே தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், அதன் பிறகு அந்தச் சட்டையை மாற்றவில்லை. அவர் வீட்டுப் பின்பக்கம் அவரே பிளந்து அடுக்கிய விறகு நூற்று நாற்பத்திரண்டு கட்டை கிடந்தது, நான் எண்ணிப் பார்த்தேன், விறகுக்கு ஏங்குகிற வீடு இல்லை அது. ஒவ்வொரு திங்களும் அவர் அலுவலகத்துக்கு நடந்து போய் ஒன்றே ஒன்றைக் கேட்டார். அன்றைக்கு அவள் பேரைப் போடுங்கள். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. அங்கே அவரிடம் திருப்பிக் கேட்கப்பட்டதும் ஒன்றுதான். அவள் கொழுந்து எடுத்தாள் என்றால் அந்தக் கொழுந்து எங்கே? பதினாறு பெண்களையும் கூப்பிட்டு இதையே கேட்டார்கள், அவள் எங்களோடுதான் நின்றாள் என்று சொன்ன பெண்கள் இந்தக் கேள்விக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் வீரபுத்திரன். பெக்டரியில் ருசி பார்க்கும் அறையில் முப்பத்தொரு வருடம் தண்ணீர் கொதிக்க வைத்தவன், அதிகம் பேசிப் பழக்கமில்லை. அந்த அறையில் ஒவ்வொரு நாள் தேயிலையிலும் கொஞ்சம் எடுத்துத் திகதி எழுதித் தகரத்தில் அடைத்து வைப்பார்கள், நாலு மாதம் போனதும் பழைய தகரங்களைக் கழித்துவிடுவார்கள், கழித்ததைப் பழைய வேலையாள் என்ற முறையில் நான் வீட்டுக்குக் கொண்டுவரலாம். வாய் உடைந்தது என்று தூக்கிப் போட்ட ருசிப்பானை ஒன்றும் என்னிடம் உண்டு. வெள்ளைப் பீங்கான், மூடி போட்டது, வாயில் பல் பல்லாக வெட்டியிருக்கும், சரியாக ஒரு கோப்பை தண்ணீர் பிடிக்கும்.

ஜூன் மாதம் கழித்த தகரங்களில் பெப்ரவரி பதினொன்றாம் திகதித் தகரம் இருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்காக ஆறாம் நம்பர் மலைக் கொழுந்தை மட்டும் தனியாக வாடவைத்து, தூளாக்காமல் முழு இலையாகவே உருட்டி எடுத்த தேயிலை அது. கொழுந்தெடுக்கிறவர்களுக்கு மாதம் ஒருமுறை கிடைப்பது சலித்த அடித்தூள், அதைச் சீனியோடு சேர்த்துக் கறுக்கக் கொதிக்க வைத்தால்தான் வாயில் வைக்கலாம், இந்த இலையை அவர்கள் செடியில் பார்த்ததோடு சரி. வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டைக் கரண்டியால் அளந்தேன். பதினாலு கரண்டி இருந்தது.

இலைத் தேயிலையை வீட்டில் ஊற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பீலியில் அப்போது பிடித்த தண்ணீர் வேண்டும், முதல்நாள் குடத்துத் தண்ணீரும் ஒருதரம் கொதித்து ஆறின தண்ணீரும் ஆகாது. பானையில் முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுற்றிக் கொட்டிப் பானையைச் சூடாக்க வேண்டும், தலைதட்டின ஒரு கரண்டி இலை போட வேண்டும், தண்ணீர் புரண்டு கொதிக்கிற அந்த நிமிடத்திலேயே ஊற்றி மூட வேண்டும், பிறகு திறந்து பார்க்கக் கூடாது, கலக்கக் கூடாது, நிதானமாக முந்நூறு எண்ண வேண்டும், எண்ணி முடித்ததும் கடைசிச் சொட்டுவரை வடிக்க வேண்டும், இலையைப் பிழியக் கூடாது. மணிக்கூட்டை நான் நம்புவதில்லை. வாயால் எண்ணுவேன்.

அப்படி ஊற்றி வடித்தபோது முதல் கோப்பை நிறைந்தது, பானையின் கனம் குறையவில்லை. இரண்டாவது கோப்பையில் ஊற்றினேன், அதுவும் நிறைந்தது, வீட்டிலிருந்த கிளாஸ், செம்பு, சாமான் கழுவும் சட்டி எல்லாம் முடிந்த பிறகு பக்கத்துக் காம்பரா பூங்காவனத்திடம் ஏனம் இரவல் கேட்டேன். விருந்தாளியா சித்தப்பா என்று கேட்டுக்கொண்டே அவள் வந்தாள், பானையிலிருந்து வந்துகொண்டே இருந்ததைப் பார்த்தாள், கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். பதினேழு கோப்பை வந்தது. பதினேழாவது நிறைந்ததும் பானை வெற்றுப் பானையாக லேசானது. ஒரே நிறம், ஒரே சூடு, கடைசிக் கோப்பை தண்ணியாகவும் இல்லை. இவ்வளவுக்கும் வீட்டில் சீனி இல்லையே என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் இரண்டு தடவை ஊற்றினேன். இரண்டு தடவையும் பதினேழு. ஜனவரி இருபதாம் திகதித் தகரத்தை எடுத்து ஊற்றினேன், பதினொன்று வந்தது. அந்த இருபதாம் திகதி மழையில் மலைக்குப் போனவர்கள் பதினோரு பேர்தான் என்று பூங்காவனம் விரல் மடக்கிச் சொன்னாள். கொழுந்தைக் கிள்ளிய ஆளுக்கு ஒரு கோப்பை என்பது அப்போதுதான் விளங்கியது. வாடவைத்தவனுக்கும் உருட்டியவனுக்கும் அது வைக்கவில்லை, முப்பத்தொரு வருடம் தண்ணீர் கொதிக்க வைத்த எனக்கும் வைக்கவில்லை. அது சரிதான்.

பூங்காவனம் பிறகு பெப்ரவரித் தகரத்தைப் பார்த்தாள். நிறுவைப் புத்தகத்தில் பதினாறு பேர் என்று இருந்தது அவளுக்குத் தெரியும். எழுந்து போய்விட்டாள்.

தகரத்தில் மீதி பதினோரு கரண்டி.

லயம் முழுக்கச் செய்தி போனது. யாரும் மலைக்கவில்லை, ஆளாளுக்கு ஒரு கரண்டி கேட்டார்கள், பானையையும் இரவல் கேட்டார்கள், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவர் இலையைப் போட்டு இஞ்சி தட்டிக் கொதிக்க வைத்தார். ஒருவர் பழக்கதோஷத்தில் சீனியைக் கூடவே போட்டார். ஒருத்தி இலை வீணாகிறதே என்று துணியில் கட்டிப் பிழிந்தாள். ஒருவர் பால் ஊற்றினார், இன்னொருவர் எண்பது எண்ணுவதற்குள் திறந்து பார்த்தார், ஆறாவது ஆள் காலையில் கொதித்த தண்ணீரையே மறுபடி சூடாக்கினார். ஆறு வீட்டிலும் ஒரு கோப்பைக்கு மேல் ஒரு சொட்டு வரவில்லை. கிழவன் கண்கட்டு வித்தை காட்டியிருக்கிறான் என்று பீலியடியில் பேச்சு வந்தது. ஆறு கரண்டி போன கோபத்தில் நான் கலண்டர் அட்டையின் பின்பக்கம் ஊற்றும் முறையை எழுதிக் கதவில் ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் நாலு பேர் பார்க்க எழுதி வைத்தது அது ஒன்றுதான்.

கோயில் கமிட்டிக்காரர்கள் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் இதிலேயே ஊற்றிவிடலாம் என்று இரண்டு கரண்டி வாங்கிப் போனார்கள். நானே போய் ஊற்றிக் கொடுத்தேன், முப்பத்திநாலு கோப்பை வந்தது, வந்திருந்தவர்கள் ஐம்பது பேர், கிடைக்காத பதினாறு பேர் தலைவரோடு சண்டைக்குப் போனார்கள். தொழிற்சங்கத்துக்காரர் பானையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். இத்தனை பேரில் ஒருவர்கூட அது ஏன் பதினாறோடு நிற்கவில்லை என்று கேட்கவில்லை.

மீதி மூன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவனம் மற்றப் பதினைந்து பேரையும் கூட்டிக்கொண்டு என் காம்பராவுக்கு வந்தாள். அவரவர் கோப்பையை அவரவர் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஊற்றினேன். பதினாறு கோப்பை நிறைந்த பிறகு பானை என் கையில் கனமாகவே இருந்தது, பதினேழாவதை என் கோப்பையில் வடித்து நடுவில் வைத்தேன். ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. ஒருத்தியும் தன் கோப்பையை எடுக்கவில்லை.

"என் சாக்குலதான் போட்டேன்," என்றாள் பெரிய அஞ்சலை.

அவளாகவே சொன்னாள், யாரும் கேட்கவில்லை. சீரங்காயியை லொறியில் ஏற்றி அனுப்பிய பிறகு அவளுடைய கூடையில் நாலரைக் கிலோ கொழுந்து கிடந்தது. பேர் போடாத கொழுந்தை நிறுவையில் எடுக்கமாட்டார்கள், மலையில் விட்டால் வெயிலில் கருகும், யாருக்காவது சுகமில்லாமல் போனால் அவள் கொழுந்தைக் கிலோ குறைந்தவர்கள் சாக்கில் போட்டுவிடுவது அவர்களுடைய நெடுநாள் வழக்கம், கை தன்பாட்டில் அதைச் செய்துவிட்டது. பெரிய அஞ்சலைக்கு இரண்டு கிலோ, நல்லம்மாவுக்கு ஒன்றரை, குமுதினிக்கு ஒன்று. குளவி கொட்டிய கையாலேயே பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் சாக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கொழுந்து எங்கே என்று அலுவலகம் கேட்டபோது அது அவர்களுடைய மூன்று பேரில் ஏறியிருந்தது.

குமுதினி அழுதாள். அழுகிற நேரமா இது என்று பூங்காவனம் அதட்டினாள். அந்தப் பதினேழாவது கோப்பையை வாசல் தேயிலைச் செடியடியில் ஊற்றினோம், மறுநாள் பதினாறு பேரும் ஒன்றாக அலுவலகத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். கணக்கப்பிள்ளை மயில்வாகனம் நாலு மாதத்துக்குப் பிறகு ஞானம் வந்ததோ என்று சிரித்தார். பானை விஷயம் காதில் விழுந்த சின்னதுரைதான் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் கொழும்பில் ருசி பார்க்கப் படித்தவர், பங்களாவில் வந்து தங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு வேடிக்கை காட்டப் பானை உதவும் என்ற நினைப்பு அவருக்கு இருந்ததாக ஜீப் சாரதி பிறகு என்னிடம் சொன்னார்.

அப்படித்தான் அந்த இருபத்திரண்டு பேரும் லயத்து வாசலில் கூடினோம். ஒரே நாற்காலியில் சின்னதுரை உட்கார்ந்தார். சந்தனம் அந்தச் சட்டையோடு சுவரோரம் நின்றார். பீலியில் தண்ணீர் பிடித்தேன், பானையைச் சூடாக்கினேன், கரண்டியைத் தலைதட்டினேன், தண்ணீர் புரண்டதும் ஊற்றி மூடி எண்ணத் தொடங்கினேன். இத்தனை பேர் முன்னால் நான் வாய்விட்டு எதையும் செய்ததில்லை. நூற்றுப் பத்தில் கணக்கப்பிள்ளை ஏதோ கேட்டார், நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இருநூற்று நாற்பதில் சின்னதுரை மணிக்கூட்டைப் பார்த்தார்.

"போதும் வீரபுத்திரன், ஊத்துங்க. எனக்கு வேலை இருக்கு."

மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டேன். சுட்டது. "இன்னும் அறுபது இருக்குதுங்க தொரை," என்றேன். அறுபதையும் எண்ணினேன். வேண்டுமென்றே சத்தமாக எண்ணினேன்.

பூங்காவனம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள், கூப்பிட்டவள் வந்து தன் கோப்பையை நீட்டினாள், நிறைந்ததும் தள்ளி நின்றாள். வெள்ளையன் கங்காணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினாறு முடிந்தது. பூங்காவனம், "சீரங்காயி," என்றாள். கோப்பையை நீட்ட ஆளில்லை, ஸ்டூலில் வைத்திருந்த கோப்பையில் நான் வடித்தேன், வாய்வரை நிறைந்தது, பானை லேசானது.

கணக்கப்பிள்ளை பானையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார், அடியைத் தட்டிப் பார்த்தார். சின்னதுரை எழுந்து வந்தார். அந்தப் பதினேழாவது கோப்பையை எடுத்தார், படித்த பழக்கத்தில் உஸ் என்று சத்தம் வர உறிஞ்சினார், வாய்க்குள் இரண்டு தடவை புரட்டினார், திரும்பி நிலத்தில் துப்பினார்.

"நல்ல சாயம், நல்ல மணம்," என்றார். "ஆனா இதை நான் எந்தப் புத்தகத்தில எழுதுறது? பானையை பங்களாவுக்குக் குடுத்தனுப்புங்க, பார்ப்போம்."

ருசி பார்க்கிறவர்கள் துப்புவார்கள். முப்பத்தொரு வருடம் நான் அந்த எச்சில் தொட்டியைக் கழுவியவன், எனக்குத் தெரியும். ஆனால் அது அவளுடைய கோப்பை. சந்தனம் சுவரிலிருந்து வந்தார், அவர் அடிக்கப் போகிறார் என்று நினைத்துச் சாரதி முன்னால் வந்தார், சந்தனம் சின்னதுரையின் கையிலிருந்து கோப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பவும் சுவரோரம் போய் நின்றார்.

பெரிய அஞ்சலை தன் கோப்பையைக் கவிழ்த்தாள். பதினாறு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கவிழ்த்தார்கள். தேத்தண்ணீர் ஓடிச் சின்னதுரையின் சப்பாத்தடியில் தேங்கியது.

"பானை வராது தொரை," என்றாள் பூங்காவனம். "நீங்க கொழுந்துதானே கேட்டீங்க. நாளைக்குக் கொழுந்து வரும்."

அன்று மாலை அவள் என்னிடம் ஒரு கணக்குக் கேட்டாள், நாலரைக் கிலோவைப் பதினாறாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு. ஆளுக்கு இருநூற்று எண்பத்தொரு கிராம், நாலு பேர் மட்டும் ஒரு கிராம் கூடப் போட வேண்டும் என்று சொன்னேன். மறுநாள் நிறுவை மடுவத்துக் கொட்டகைக்குப் பதினாறு பெண்கள் பதினேழு சாக்குக் கொண்டுபோனார்கள். பதினேழாவதைக் கணக்கப்பிள்ளை நிறுக்கவில்லை. அப்படியானால் மற்றதையும் ஏற்றவேண்டாம் என்று பெண்கள் சாக்குகளின்மேல் உட்கார்ந்துகொண்டார்கள், லொறி ஒன்றேகால் மணி நேரம் பிந்தியது, கொழுந்து சூடேறிச் சிவந்தது. இப்படி ஒன்பது நாள். மற்ற மலைக்காரிகளும் நாலாம் நாளிலிருந்து தங்கள் சாக்கில் உட்காரத் தொடங்கினார்கள். கொழுந்து கெடுகிறது என்று பெக்டரியிலிருந்து டீமேக்கர் பெரியதுரையிடம் போய்க் கத்தினார். பத்தாம் நாள் வெள்ளையன் கங்காணி எல்லோர் முன்னாலும், "போய் எடுன்னு நான்தான் சொன்னேன், ஐயா, எழுதுங்க," என்றார். நாலரை மாதமும் பத்து நாளும் அவர் வாயில் இருந்த சொல் அது. கணக்கப்பிள்ளை சாக்கைத் தராசில் மாட்டினார். நாலரைக் கிலோ, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

புதுக் கடிதத்தைச் சந்தனம் என்னிடம் கொண்டுவந்தார். விறகு என்ற சொல் அதில் இல்லை. அன்னார் அன்று வேலையில் இருந்தபோது மரணமானார் என்று இருந்தது. கீழே, பேர் பதிகிற செக்ரோல் புத்தகத்தின் நகல் ஒன்று இணைத்திருந்தார்கள், பெப்ரவரி பதினொன்று, சீரங்காயி, நேரே ஒரு சிறிய அடையாளம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அரைப்பேர். பத்தேகாலுக்குச் செத்தவள் மத்தியானத்துக்கு மேல் வேலை செய்யவில்லை என்று கணக்கப்பிள்ளை விளக்கம் சொல்லியிருக்கிறார்.

தகரத்தில் ஒரு கரண்டி இருந்தது. சந்தனத்தைப் பீலிக்கு அனுப்பித் தண்ணீர் பிடித்துவரச் சொன்னேன். அவர் எண்ணினார், நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன், முந்நூறுக்கு இரண்டு பேருமே அவசரப்படவில்லை. பதினாறு பெண்களும் வந்து வாங்கிக் குடித்தார்கள். பதினேழாவது கோப்பையை வடித்ததும் ஈர்க்குக் குச்சி ஒன்றை அதில் விட்டு அளந்தேன், அதே அளவான பூங்காவனத்தின் கோப்பையை அவள் குடிக்குமுன் அளந்து குச்சியில் கீறியிருந்த அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே உயரம். பானைக்கு அரை என்ற கணக்கு இல்லை.

அந்தக் கோப்பையைச் சந்தனம் குடித்தார். சீனி வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "திங்கக்கிழமை வாரீங்களா மாமா?" என்றார். நான் எந்த அலுவலகத்துக்கும் போய் எதையும் கேட்டவனில்லை. வாரேன் என்றேன்.

தேயிலை மீதி இல்லை. தகரத்தைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். பெப்ரவரி பதினொன்றாம் திகதிக்கு இன்னும் வர வேண்டியது அரை.